பனியாறும் இரவுப் பயமும் ஒரே துறையா?

கேள்வி: முதுகலைப் புவியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்து பிஎச்டி சேர ஆசை. சென்ற மாதம் ஒரு சர்வதேச மாநாட்டின் நிகழ்ச்சி நிரலை இணையத்தில் புரட்டினேன். ஒரு அறையில் பனியாறுகள் உருகும் வேகம், பக்கத்து அறையில் பெண்கள் இரவில் தவிர்க்கும் தெருக்கள், அதற்கடுத்து சிறைச்சாலைகள், அதற்கும் அடுத்து மேப் செயலிகள். இதெல்லாம் ஒரே துறையா? கணினி படித்த என் அண்ணன், "ஊரெல்லாம் கடன் வாங்கிப் பிழைக்கிற சப்ஜெக்ட்" என்று கேலி செய்கிறான். கைடாக இருக்கச் சம்மதித்த பேராசிரியர் மூன்று தலைப்பு எழுதி வரச் சொன்னார். நகரங்களும் காலநிலை மாற்றமும், செயற்கைக்கோள் படங்கள் வழியாக நிலப் பயன்பாட்டு மாற்றம், உணவு டெலிவரி செய்பவர்கள் அடுத்த ஆர்டருக்காக எங்கே காத்திருக்கிறார்கள் என்று மூன்றை எழுதிக் கொடுத்தேன். மூன்றாவதைப் பார்த்ததும், "இது ஜியாகரபியா?" என்று கேட்டார். எதை எடுக்கட்டும்? ஜிஐஎஸ், அதாவது வரைபடத் தரவைக் கணினியில் அலசும் வேலை, எனக்குச் சுமாராகத்தான் வரும். பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்: உங்கள் அண்ணனிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அவர் சொல்வதில் பாதி உண்மை. அவருக்கு முன்பே பெரிய இடத்தில் இதைச் சொல்லிவிட்டார்கள்: 1948இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் தன் புவியியல் துறையை இழுத்து மூடியது. பணம், உள்பூசல் என்று காரணங்கள் பல. 'உங்கள் பாடம் என்னதான்?' என்ற கேள்விக்கு உள்ளே இருந்தவர்களால் தெளிவாகப் பதில் சொல்ல முடியாமல் போனதும் அவற்றில் ஒன்று. அன்றிலிருந்து எங்கள் ஆட்களுக்கு இந்தக் கேள்வி என்றாலே வயிற்றைக் கலக்கும். உடனே யாராவது எழுந்து, புவியியலே எல்லா அறிவியலுக்கும் தாய் என்று முழங்குவார்கள். கைதட்டுங்கள், ஆனால் நம்பிவிடாதீர்கள்.

நீங்கள் பார்த்த நிகழ்ச்சி நிரலில் வியப்பில்லை. 1904இல் தொடங்கிய அமெரிக்கப் புவியியலாளர் சங்கத்துக்குள் இன்று அறுபதுக்கும் மேற்பட்ட தனிப் பிரிவுகள் இருக்கின்றன. நிலவுருவம், மண், நீர், காலநிலை, நகரம், போக்குவரத்து, எல்லைகள், நோய், முதுமை, குழந்தைகள், மதம், விலங்குகள், இணையம் என்று புவியியலாளர்கள் கை வைக்காத பொருளே இல்லை. பொருளை வைத்து இந்தத் துறையைப் பிடிக்கப் போனால் தண்ணீரைக் கையில் அள்ளிய கதைதான். கேள்வியை வைத்துப் பிடிக்க வேண்டும். அது என்ன கேள்வி என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. முதலாண்டிலேயே கேட்டிருப்பீர்கள். அநேகமாகத் தப்பாகக் கேட்டிருப்பீர்கள்.

1854 ஆகஸ்ட் கடைசியில் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா வெடித்தது. பத்து நாளில் ஐந்நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறப்புகளை வரைபடத்தில் குறித்தார், பிராட் தெருவிலிருந்த அடிபம்பைச் சுற்றிப் புள்ளிகள் குவிந்தன, பம்பின் கைப்பிடியைக் கழற்றியதும் நோய் நின்றது. வகுப்பறையில் சொல்லப்படும் கதை இது. உண்மையில் கைப்பிடியைக் கழற்றிய பிறகுதான் அந்த வரைபடம் வெளிவந்தது. நோயும் அதற்கு முன்பே இறங்கத் தொடங்கிவிட்டது. காலரா தண்ணீர் வழியாகப் பரவுகிறது என்று ஸ்னோ அதற்குச் சில ஆண்டுகள் முன்பே எழுதியிருந்தார், யாரும் காதில் வாங்கவில்லை.

புள்ளிகள் குவிந்த இடத்தைவிட எனக்குப் பிடித்தது புள்ளிகள் குவியாத இடம். பம்புக்குப் பக்கத்திலேயே ஆதரவற்றோர் விடுதி ஒன்று இருந்தது. அதில் 535 பேர். இறந்தவர்கள் 5 பேர் மட்டும். அதே தெருவில் ஒரு பீர் ஆலை, எழுபது பேருக்கு மேல் வேலை செய்தார்கள், அவர்களில் ஒருவர்கூடக் காலராவில் சாகவில்லை. விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்தது. ஆலைக்காரர்கள் பீர் குடித்தார்கள், தெருப் பம்புப் பக்கம் போகவே இல்லை. மறுபக்கம், பல மைல் தள்ளி ஹாம்ப்ஸ்டெட்டில் இருந்த ஒரு விதவை காலராவில் இறந்துபோனார். அந்தப் பகுதியில் வேறு யாருக்கும் நோய் இல்லை. விசாரித்தால், பிராட் தெருத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய் நாள்தோறும் ஒரு புட்டி வரவழைத்துக் குடித்திருக்கிறார். கெட்ட காற்றால் நோய் வருகிறது என்றவர்களுக்கு இந்த மூன்றும் தொண்டையில் சிக்கிய முள்.

கிட்டத்தில் இருந்தும் சாகாதவர்கள், தூரத்தில் இருந்தும் செத்தவர். இங்கே ஏன், அங்கே ஏன் இல்லை? எந்த இடம் எந்த இடத்தோடு எதன் வழியாகத் தொடுப்பு வைத்திருக்கிறது? பனியாற்றுக்காரரும் இரவுத் தெருக்காரரும் கேட்பது இதைத்தான். ஸ்னோ மருத்துவர், புவியியலாளர் இல்லை. ஆனாலும் அவரை எங்கள் ஆளாக நாங்கள் தத்தெடுத்துக்கொண்டோம். கடன் வாங்குகிறோம் என்று அண்ணன் சொன்னாரே, ஆள்களையும்தான் வாங்குகிறோம்.

சரி, இன்றைய ஆய்வுகளுக்கு வருவோம். எல்லாவற்றையும் சுற்றிக்காட்ட இடமில்லை. நான் வகுப்பில் திரும்பத் திரும்ப எடுக்கிற சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஆற்றுப்படுகை ஆய்வு என்றால் மனித வாடை இல்லாத சுத்தமான அறிவியல் என்று பலர் நினைக்கிறார்கள். ராபர்ட் வால்டர், டோரத்தி மெரிட்ஸ் என்ற இரண்டு நிலவியலாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா, மேரிலாந்து பக்கத்துச் சிற்றாறுகள் செங்குத்தான மண்கரைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடும். ஆறு என்றால் இயற்கையில் இப்படித்தான் இருக்கும் என்று பாடப்புத்தகங்கள் இந்த வடிவத்தைத்தான் காட்டின. கெட்டுப்போன ஆறுகளைச் சீரமைக்கும்போதும் இதையே மாதிரியாக வைத்துத் தோண்டினார்கள். இவர்கள் இருவரும் கரையை வெட்டிப் பார்த்தார்கள். மேலே சில மீட்டர் தடிமனுக்கு மெல்லிய வண்டல். அதன் அடியில் கறுப்பாக ஒரு பட்டை, அதில் சதுப்புநிலச் செடிகளின் விதைகள். பழைய ஆவணங்களைத் தேடியபோது விடை கிடைத்தது. 1840ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கிழக்கு அமெரிக்காவில் தண்ணீரால் ஓடிய ஆலைகள் 65,000க்கும் மேல். ஒவ்வொரு ஆலைக்கும் ஆற்றின் குறுக்கே ஓர் அணை. அணைக்குப் பின்னால் வண்டல் தேங்கிச் சதுப்பை மூடியது. பிறகு ஆலைகள் போய் அணைகள் உடைந்தன, தண்ணீர் அந்த வண்டலை அறுத்துக்கொண்டு இறங்கியது. 'இயற்கையான' ஆறு என்று நாம் வரைந்து வைத்திருந்தது மாவு அரைத்த, மரம் அறுத்த ஆலைகளின் எச்சம்.

இதில் மண் அறிவியல் எங்கே முடிகிறது, வரலாறு எங்கே தொடங்குகிறது, சொல்லுங்கள். 'இயற்பியல் புவியியல் ஒரு பக்கம், மானுடப் புவியியல் மறுபக்கம்' என்று தேர்வுக்காக நாம் போட்ட கோடு அந்தக் கரையில் கண்ணுக்குத் தெரியவில்லை.

இப்படி மண்ணைப் படிப்பவர்களின் வேலையில் எனக்குப் பொறாமை உண்டு. ஒரு மணல் அடுக்கு எப்போது படிந்தது என்று கண்டுபிடிக்க அவர்களிடம் ஒரு முறை இருக்கிறது. குவார்ட்ஸ் மணல்துகள் புதைந்து கிடக்கும்போது சுற்றிலும் உள்ள கதிரியக்கத்தின் ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னுள் சேர்த்துக்கொள்ளும். வெயில் பட்டால் அந்தச் சேமிப்பு அழிந்துவிடும். ஆகவே வெட்டிய கரையில் ஓர் இரும்புக் குழாயைச் சுத்தியலால் அடித்து இறக்கி, வெளிச்சம் படாமல் இருமுனையையும் அடைத்து எடுத்து வருவார்கள். ஆய்வகத்தில் மங்கிய சிவப்பு விளக்கில் திறந்து, துகளின் மேல் ஒளியைப் பாய்ச்சுவார்கள். துகள் திருப்பித் தரும் மினுக்கத்தை அளந்தால் அது கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது என்று தெரியும். குழாயை அடைக்கும்போது ஒரு விநாடி கை தடுமாறினால் முனையில் உள்ள மண் போச்சு. அதனால்தான் நடுவில் உள்ளதை மட்டும் எடுப்பார்கள்.

அடுத்தது காடு. மேற்கு ஆப்பிரிக்காவின் கினியில் கிஸ்ஸிடூகு என்ற பகுதி. புல்வெளிக்கு நடுவே ஒவ்வொரு கிராமத்தைச் சுற்றியும் வட்டமாக ஒரு சோலை. ஒரு காலத்தில் எல்லாம் பெருங்காடாக இருந்தது, மக்கள் வெட்டி எரித்துத் தீர்த்தார்கள், மிஞ்சியது இந்தத் துண்டுகள்தான் என்று பிரெஞ்சுக் காலனி அதிகாரிகள் எழுதி வைத்தார்கள். பின்னால் வந்த வனத்துறைகளும் திட்டங்களும் அதையே பிடித்துக்கொண்டன. கிராமத்தாருக்கு அபராதம், தடை. ஜேம்ஸ் ஃபேர்ஹெட், மெலிசா லீச் என்ற இரு மானுடவியலாளர்கள் 1952இல் எடுத்த வான்படங்களைப் பிற்காலப் படங்களோடு வைத்துப் பார்த்தார்கள், முதியவர்களிடம் உட்கார்ந்து கேட்டார்கள். பல இடங்களில் காடு கூடியிருந்தது! ஊர் அமைந்த இடத்தில் மண் வளமானது, மாடுகள் மேய்ந்து புல்லைக் குறைத்ததால் தீ நெருங்கவில்லை, தேவையான மரங்களை மக்களே நட்டார்கள். சோலை இருந்ததால் ஊர் வரவில்லை, ஊர் வந்ததால் சோலை வந்தது. இவர்களின் ஆய்வு 1996இல் புத்தகமாக வந்தது. அரசியல் சூழலியல் என்று எங்கள் துறையில் ஒரு பெரிய கிளை ஓடுகிறதே, அதில் நுழைபவர் யாரும் இதைத் தாண்டாமல் போவதில்லை.

இரவுத் தெருக்களுக்கு வருகிறேன். கில் வாலன்டைன் என்ற பிரிட்டிஷ் புவியியலாளர் 1989இல் பெண்களின் பயத்தைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். பயம் உளவியலுக்குச் சொந்தம் என்று அதுவரை ஒதுங்கியிருந்தவர்கள் பலர். அவர் காட்டியது எளிய ஒன்று. வன்முறை பெரும்பாலும் வீட்டுக்குள், தெரிந்த ஆணிடமிருந்து வருகிறது. ஆனால் பயமோ பொது இடத்தின் மேலும் முகம் தெரியாத ஆளின் மேலும் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஒவ்வொரு பெண்ணும் மனதுக்குள் ஒரு வரைபடம் வைத்திருக்கிறாள். பகலில் அதற்கு ஒரு உருவம், இருட்டியதும் வேறு உருவம். இந்தச் சுரங்கப்பாதை வேண்டாம், அந்தப் பூங்கா ஓரம் வேண்டாம் என்று சுற்றிப் போகிறாள். அப்படிச் சுற்றும் தூரம் எந்தச் சாலை வரைபடத்திலும் இல்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சிறைச்சாலை பற்றிக் கேட்டிருந்தீர்கள்: ரூத் வில்சன் கில்மோர், கலிபோர்னியாவின் சிறைகள் ஏன் அத்தனை வேகத்தில், அதுவும் விவசாயம் நொடித்த சிற்றூர்களில் எழுந்தன என்று கேட்டார். வேலையின்றிக் கிடந்த நிலமும் மனிதர்களும் பணமும் அங்கே சந்தித்தன என்பது அவர் காட்டிய விடை. நோய்ப் பரவலில் ஆண்ட்ரூ கிளிஃப், பீட்டர் ஹாகெட் இருவரும் ஐஸ்லாந்தைப் பிடித்தார்கள். அத்தனை சிறிய மக்கள்தொகையில் தட்டம்மை நிரந்தரமாகத் தங்க முடியாது. ஒவ்வொரு முறையும் அது வெளியிலிருந்து கப்பலேறி வர வேண்டும், பரவி, தானே அணைய வேண்டும். ஆகவே ஒவ்வொரு அலையையும் தனித்தனியாகப் பின்தொடர முடிந்தது. மேப் செயலிகளைப் பொறுத்தவரை, ஒரே சர்ச்சைக்குரிய எல்லைக் கோட்டை எந்த நாட்டிலிருந்து பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அவை மாற்றிக் காட்டுகின்றன. இது ஒன்றே போதும், ஆயுள் முழுக்க ஆய்வு செய்யலாம்.

இப்போது உங்கள் தலைப்புகள்.

முதலாவதை விட்டுவிடுங்கள். 'நகரங்களும் காலநிலை மாற்றமும்' ஒரு நூலகத்தின் பெயர், தீசிஸ் தலைப்பு அல்ல.

இரண்டாவதைப் பற்றிக் கொஞ்சம் காரமாகவே சொல்வேன். இந்த வகைத் தீசிஸ்களைத் திருத்தித்தான் எனக்குத் தலை நரைத்தது. பத்தாண்டு இடைவெளியில் இரண்டு படம், பச்சை குறைந்தது, கட்டடங்களைக் காட்டும் சிவப்பு கூடியது, நடுவில் ஒரு சதவீத அட்டவணை, முடிவுரையில் 'அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும்'. லேண்ட்சாட் செயற்கைக்கோள் 1972 முதல் படம் எடுக்கிறது. 2008இல் அந்தச் சேமிப்பு முழுக்க இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. அறிவியலுக்கு அது பெரிய வரம், சோம்பேறிகளுக்கும்தான். பச்சை குறைந்தது என்பது கண்டுபிடிப்பு இல்லை, ஆய்வின் முதல் பக்கம். யார் நிலத்தில் குறைந்தது, யார் விற்றார், பக்கத்துத் துண்டு மட்டும் ஏன் தப்பியது? மறுபடியும் அந்தப் பீர் ஆலையும் விடுதியும்தான்.

இதிலேயே இன்னொரு கண்ணி. முதல் தலைப்பையும் இரண்டாவதையும் சேர்த்து 'நகர வெப்பம்' என்று எடுக்கலாமே என்று உங்கள் மனதில் ஓடியிருக்கும். செயற்கைக்கோள் அளப்பது பரப்பின் வெப்பத்தை: கூரை, தார்ச்சாலை, மர உச்சி. தெருவில் நடப்பவர் மூச்சிழுக்கும் காற்றின் வெப்பம் அது அல்ல. லேண்ட்சாட் கடந்து போவது உள்ளூர் நேரம் காலை பத்து மணியை ஒட்டி. பிற்பகல் உச்சத்தையும், ராத்திரி தூங்கவிடாத புழுக்கத்தையும் அது பார்ப்பதே இல்லை. லேண்ட்சாட் 8இல் வெப்பத்தை அளக்கும் பட்டை உண்மையில் 100 மீட்டர் துல்லியம் கொண்டது. உங்கள் கைக்கு வரும்போது 30 மீட்டர் கட்டங்களாக மாற்றித் தந்திருப்பார்கள், அதை நம்பித் 'தெருவாரி வெப்பம்' என்று எழுதிவிடுவீர்கள். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் யாராவது இதைக் கேட்டால் ஏசி அறையிலும் வியர்க்கும்.

மூன்றாவது தலைப்பு. உங்கள் பேராசிரியர் கேட்ட கேள்வியைத் திட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள், சினாப்சிஸ், அதாவது ஆய்வுச் சுருக்கம், எழுதத் தந்த குறிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். இது புவியியல்தான். எப்படி என்று எழுதிக் காட்ட வேண்டியது உங்கள் வேலை.

அதற்கு ஓர் ஆயுதம் தருகிறேன். ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த டோர்ஸ்டென் ஹேகர்ஸ்ட்ராண்ட் 1970இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வட்டாரப் பொருளாதாரம் பேசுகிறவர்கள் எண்களைப் பேசுகிறார்கள், மனிதர் எங்கே போனார் என்பதுதான் அவர் கேட்டது. ஒரு மனிதர் ஒரு நாளில் போகும் பாதையை இடத்தோடு நேரத்தையும் சேர்த்து ஒரே கோடாக வரையலாம் என்றார். அந்தக் கோட்டை வளைப்பவை மூன்று வகைத் தடைகள். உடலும் கருவியும் போடும் தடை ஒன்று. இன்னொருவரோடு அல்லது இன்னொரு பொருளோடு ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தாக வேண்டிய கட்டாயம் இரண்டாவது. 'உள்ளே வராதே' என்று சொல்லும் அதிகாரம் மூன்றாவது.

இதை டெலிவரி செய்பவர் மேல் வைத்துப் பாருங்கள். வண்டியின் சார்ஜ், போனின் சார்ஜ், பசி, சிறுநீர் எல்லாம் முதல் தடை. உணவகத்தில் பொட்டலம் தயாராகும் நிமிடமும், வாங்குபவர் கதவைத் திறக்கும் நிமிடமும் இரண்டாவது. குடியிருப்பு வாசலில் நிற்கும் காவலாளி, 'இங்கே வண்டி நிறுத்தாதே' என்கிற கடைக்காரர், போக்குவரத்துப் போலீஸ், கூடவே கண்ணுக்குத் தெரியாமல் செயலி போட்டு வைத்திருக்கும் மண்டல எல்லை: மூன்றாவது. இந்த மூன்றும் குறுக்கே வெட்டிய பிறகு நகரத்தில் அவருக்கென்று மிஞ்சுவது சில சதுர அடி. ஒரு மரத்தடி, பூட்டிய கடையின் படிக்கட்டு, மேம்பாலத்தின் அடி. ஏன் அந்தப் படி, ஏன் எதிர்ப்பக்கப் படி இல்லை? இப்படிக் கேட்டுவிட்டால் உங்கள் பேராசிரியரின் வினாவுக்குப் பதில் கிடைத்துவிடும்.

கேள்வி கையில் வந்ததும் முதலில் செய்ய வேண்டியது கணினியைத் திறப்பது அல்ல. ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு இதுபோன்ற ஓரிடத்தில் காலையிலிருந்து இரவு வரை ஒரு நாள் நின்று பாருங்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எத்தனை பேர், நிழல் எந்தப் பக்கம், யார் உட்கார்ந்தார், யார் வண்டியை விட்டு இறங்கவே இல்லை, யார் விரட்டினார் என்று எழுதுங்கள். பெண்கள் இருக்கிறார்களா, இல்லையென்றால் அவர்கள் எங்கே காத்திருக்கிறார்கள்? மூன்று மணிக்கு நிழல் சாலையைக் கடந்ததும் கூட்டமும் கடக்கிறதா? செயலியில் 'ஆர்டர் அதிகம்' என்று காட்டும் இடத்துக்கும் இவர்கள் நிற்கும் இடத்துக்கும் இடைவெளி இருக்கிறதா? அந்த இடைவெளியில்தான் தீசிஸ் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. நாளை நீங்கள் நின்று பார்த்து, இல்லை என்றால் நான் சொன்னது தப்பு.

நேரத்தைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் நாங்கள் ஒரு குடியிருப்பில் பொது வசதிகளை யார் பயன்படுத்துகிறார்கள் என்று வீடு வீடாகக் கணக்கெடுத்தோம். வார நாள், பகல் நேரம். வரைபடம் அழகாக வந்தது. அந்த மக்கள் ஊர் எல்லையைத் தாண்டுவதே அபூர்வம் என்று அது சொன்னது. நானும் அதை ஒரு கருத்தரங்கில் நிமிர்ந்து நின்று படித்தேன். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி, "சார், பகலில் ஊரைத் தாண்டுகிறவர்கள் வீட்டில் இருந்திருக்க மாட்டார்களே?" என்று கேட்டாள். கதவைத் திறந்தவர்கள் எல்லாம் முதியவர்களும் கைக்குழந்தைக்காரர்களும். அந்தக் கட்டுரையை நான் பிறகு வெளியிடவில்லை. இந்தப் பிழைக்கு மெய்-போ குவான் 2012இல் முறையாகப் பெயரிட்டு எழுதினார். ஒருவரைப் பாதிக்கும் சூழலை அவர் வீட்டு முகவரியை வைத்து அளக்கிறோம், ஆனால் அவர் நாளில் பெரும்பகுதியைக் கழிப்பது வேறெங்கோ. டெலிவரி செய்பவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

ஜிஐஎஸ் சுமார் என்றீர்கள். சுமார் போதும் என்று சொல்ல மாட்டேன், கற்றுக்கொள்ளுங்கள். கியூஜிஐஎஸ் என்ற மென்பொருள் இலவசம், மூன்று மாதம் தினமும் உட்கார்ந்தால் உங்கள் வேலைக்கு வேண்டியது வந்துவிடும். ஆனால் பொத்தான்களைவிட முக்கியமான ஒன்றை அதற்கு முன் மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். 1979இல் ஸ்டான் ஓப்பன்ஷா, பீட்டர் டெய்லர் இருவரும் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து 99 கவுண்டிகளை (நம் மாவட்டம் போன்றவை) எடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் குடியரசுக் கட்சிக்கு விழுந்த வாக்கு விகிதமும் முதியவர் விகிதமும் கையில் இருந்தன. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்பதுதான் கேள்வி. கவுண்டிகளைப் பல விதமாகச் சேர்த்துப் புதிய மண்டலங்களாக்கிப் பார்த்தார்கள். அதே மக்கள், அதே வாக்குகள், கோடுகள் மட்டும் வேறு. தொடர்பு எண் கிட்டத்தட்ட மைனஸ் ஒன்றிலிருந்து பிளஸ் ஒன்று வரை வந்தது. முதியவர் கூடினால் வாக்கு கூடும் என்றும் காட்டலாம், குறையும் என்றும் காட்டலாம். மென்பொருள் இதற்கெல்லாம் எச்சரிக்கை மணி அடிக்காது. கோட்டை எங்கே போட்டீர்கள், ஏன் அங்கே போட்டீர்கள் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். நகரத்தை வார்டுகளாக வெட்டுவதா, செயலியின் மண்டலங்களாக வெட்டுவதா, ஐந்நூறு மீட்டர் கட்டங்களாக வெட்டுவதா என்பதை மூன்று விதமாகவும் செய்து பார்த்து, முடிவு மாறினால் அதையும் எழுதுங்கள். உங்கள் அண்ணனுக்கு நிரல் எழுதத் தெரியுமே, இதற்கு அவரைப் பிடியுங்கள். கடன் வாங்குவதில் நமக்கு வெட்கமில்லை.

எத்தனை இடம், எத்தனை பேர் என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். காத்திருக்கும் இடங்கள் நான்கைந்துக்கு மேல் வேண்டாம், ஆனால் ஒவ்வொன்றும் வெவ்வேறு வகையாக இருக்கட்டும். இருபது பேருடைய ஒரு முழு நாளின் பாதை கிடைத்தால் போதும். ஜிபிஎஸ் பதிவை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். மறுநாள் அவரோடு உட்கார்ந்து அந்தக் கோட்டைக் காட்டி, 'இங்கே நாற்பது நிமிடம் நின்றிருக்கிறீர்களே, எதற்கு?' என்று கேளுங்கள். கோடு சொல்லாததை அவர் சொல்வார்.

சினாப்சிஸ் எழுதும்போது தலைப்பில் 'டெலிவரி' என்ற சொல்லை முன்னால் வைக்காதீர்கள். 'ஆர்டருக்கும் ஆர்டருக்கும் நடுவே: செயலிவழி வேலையில் காத்திருப்பின் இடங்களும் நேரங்களும்' என்பதுபோல் ஏதாவது வைத்தால், உங்கள் பேராசிரியர் மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார். கேட்டாலும் ஹேகர்ஸ்ட்ராண்ட் இருக்கிறார்.

இன்னொன்று, இதை மறந்துவிடுவீர்களோ என்றுதான் கடைசியில் சொல்கிறேன். அந்த மரத்தடியும் படிக்கட்டும் யார் கண்ணிலும் உறுத்தாமல் இருப்பதால்தான் அவர்களுக்குக் கிடைத்திருக்கின்றன. நீங்கள் துல்லியமாகப் புள்ளி வைத்துத் தீசிஸில் போட்டால், அதைப் பார்த்து யாராவது ஒரு வேலி போடலாம். ஆகவே அச்சுக்குப் போகும் வரைபடத்தில் ஒவ்வொரு புள்ளியையும் ஏதாவது ஒரு திசையில் நூறு, இருநூறு மீட்டர் தள்ளி வையுங்கள். தள்ளியிருக்கிறீர்கள் என்பதையும், ஏன் தள்ளினீர்கள் என்பதையும் வரைபடத்தின் கீழேயே எழுதிவிடுங்கள். எந்தப் பக்கம் தள்ளினீர்கள் என்பது மட்டும் உங்கள் நோட்டில் இருக்கட்டும்.